மலைக் காய்க் கூடையில் டர்னிப்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

காய்கறிக் கடையில் "டர்னிப் இருக்கா?" என்று கேட்டால் பல இடங்களில் நூக்கலை எடுத்துத் தராசில் வைத்துவிடுகிறார்கள். தமிழில் வரும் சமையல் குறிப்புகளிலும் இதே குழப்பம்தான்: தலைப்பில் நூக்கல் குருமா, பொருள்களில் டர்னிப். இரண்டும் வேறு வேறு காய். நூக்கல் முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்தது, தரைக்கு மேலே தண்டு பருத்து உருண்டையானது. டர்னிப் வேறு இனம். சீன முட்டைக்கோஸும் வட இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிரிடும் மஞ்சள் சர்சோன் கடுகும் டர்னிப்பின் அதே இனம்தான். பச்சை டர்னிப்பைக் கடித்தால் கடுகின் நெடி மூக்கில் ஏறும். நூக்கலில் அந்த வேகம் இருக்காது.

கண்ணால் பிரித்தறிவது எளிது. நூக்கல் முழுக்க இளம்பச்சையாக இருக்கும். உருண்டையின் பக்கவாட்டில் இலைக்காம்பு ஒடித்த தழும்புகள் வரிசையாகத் தெரியும். டர்னிப்பின் உடல் வழுவழுப்பானது. இலை முழுவதும் உச்சியில் ஒரே கொத்தாகத்தான் வரும், அடியில் எலிவால் போல ஒரே வேர் இறங்கும். மேல்பாதி ஊதா, கீழ்பாதி வெள்ளை. மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வெயில் பட்ட பாகம்தான் ஊதாவாகிறது, மண்ணுக்குள் இருந்தது வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. ஊதா ஆழமாக இருப்பதால் ருசி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நிறம் தோலோடு போய்விடும், உள்ளே எல்லாம் வெள்ளைதான்.

இங்கே மதிப்பிடுவது நம் ஊர்க் கடைகளுக்கு நீலகிரியிலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸோடு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக இறங்கும் அந்த ஊதாத் தலை டர்னிப்பைத்தான். வடக்கே இதன் பெயர் ஷல்கம், காஷ்மீரில் கோக்ஜி. அங்கே அது குளிர்காலத்துக் காய். நீலகிரியின் குளிர்ச்சி இருப்பதால் நமக்கு மற்ற மாதங்களிலும் கிடைக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டு, சாம்பார், ராஜ்மாவோடு சேர்த்த குழம்பு, ஊறுகாய் ஆகிய நான்குக்கும் டர்னிப் மிக நல்ல காய், தாராளமாக வாங்கலாம். உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாற்றாக, சிப்ஸுக்காக, மசாலா தோசைக்குள் வைக்க என்று வாங்கினால் ஏமாற்றம்தான். காரணம் காயின் உடலமைப்பிலேயே இருக்கிறது. 100 கிராம் டர்னிப்பில் ஏறக்குறைய 92 கிராம் தண்ணீர். உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாக்குவதும், மசித்தால் சேர்ந்து நிற்கச் செய்வதும் மாவுச்சத்து. டர்னிப்பில் அது கிட்டத்தட்ட இல்லை. இருப்பது 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை. எண்ணெயில் போட்டால் அந்தச் சர்க்கரை சீக்கிரம் கருகும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வரும். வெளியே கருப்பு, உள்ளே தொளதொளப்பு. எவ்வளவு கைத்தேர்ச்சி இருந்தாலும் இது மாறாது.

கடையில் பார்க்க வேண்டியவை

டர்னிப்பின் தரம் பெரும்பாலும் வயலிலேயே தீர்மானமாகிவிடும். விதைத்து 45 முதல் 60 நாளில் பிடுங்க வேண்டிய காய் இது. எடை கூடட்டும் என்று விட்டுவைத்தால் நார் பாயும், நடு பஞ்சுபோல் ஆகும், கசப்பும் ஏறும். வெயில் அதிகமாகி மண் காய்ந்தாலும் இதேதான் நடக்கும். அதனால் அளவே முதல் சோதனை. எலுமிச்சை முதல் சாத்துக்குடி அளவுக்குள், அதாவது 5 முதல் 7 சென்டிமீட்டர் குறுக்களவில் இருப்பதை எடுங்கள். தேங்காய் அளவு டர்னிப்பைக் கடைக்காரர் குறைத்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தோலும் நாரும் போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்த்தால் அது மலிவு ஆகாது.

அடுத்தது எடை. ஒரே அளவில் இரண்டு காயை இரு கையிலும் எடுத்துப் பாருங்கள். கனமானதுதான் நல்லது. அளவுக்கு எடை இல்லாத காயின் உள்ளே பஞ்சு பாய்ந்திருக்கும் அல்லது நீர் வற்றியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்கக் கூடாது. அடிவேர் விறைப்பாக இருந்தால் புதுசு, கயிறு போல் துவண்டிருந்தால் பிடுங்கிப் பல நாள் ஆகிவிட்டது. தோலில் நீளமான வெடிப்பு இருந்தால், காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று தண்ணீர் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெடிப்பு ஆழமில்லை என்றால் அன்றே சமைக்கலாம், வைத்திருக்க ஆகாது. தோலில் பழுப்புக் கோடுகளும் சின்னத் துளைகளும் இருந்தால் புழு குடைந்திருக்கும்.

வெளியில் எந்தக் குறையும் தெரியாமல், வெட்டினால் நடுவில் மட்டும் பழுப்பாகவும் நீர் கோத்ததுபோலவும் இருக்கும் காய் சில சமயம் வரும். அழுகல் என்று நினைத்து மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டாம். மண்ணில் போரான் சத்து குறைந்தால் டர்னிப்புக்கு வரும் கோளாறு அது. அந்தப் பாகம் மரக்கட்டைபோல் இருக்கும், கசக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம்.

இலையோடு கிடைத்தால் இலையோடுதான் வாங்க வேண்டும். இலை பச்சையாக விறைத்து நிற்கிறது என்றால் காய் எப்போது பிடுங்கியது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதோடு ஒரு காய் விலையில் ஒரு கீரையும் கிடைக்கிறது. அந்தக் கீரை கிழங்கைவிடச் சத்தானது. அதைப் பின்னால் பார்ப்போம். உழவர் சந்தைகளில் காலையில் போனால் இலையோடு கிடைக்க வாய்ப்பு அதிகம். சூப்பர் மார்க்கெட்டில் பெரும்பாலும் மொட்டையாகத்தான் வரும்.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்

டர்னிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில் செய்யாமல் விட்ட ஒரே ஒரு வேலைதான். இலையை உடனே வெட்டி எடுக்க வேண்டும். பிடுங்கிய பிறகும் இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும், அந்தத் தண்ணீரைக் கிழங்கிலிருந்துதான் உறிஞ்சும். இலையோடு அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் இலையும் வாடும், கிழங்கும் சுருங்கும். காம்பை ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். உச்சியை ஒட்டிச் சீவினால் அந்தக் காயத்தின் வழியாகவே அழுகல் தொடங்கும். அடிவேரை அப்போது தொட வேண்டாம்.

கழுவவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டால் போதும். ஈரத்தோடு மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டால் பைக்குள் வியர்த்து, நான்கைந்து நாளில் அடிப்பக்கம் கொழகொழவென்று அழுகிவிடும். அதற்காகத் திறந்த தட்டில் வைத்தாலும் தவறுதான். உருளைக்கிழங்கின் தோலில் தக்கைபோன்ற ஒரு படலம் இருந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், டர்னிப் தோல் அந்த அளவுக்குக் காக்காது. ஃப்ரிட்ஜின் வறண்ட காற்றில் ஒரு வாரத்தில் தோல் சுருங்கிவிடும். சரியான வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: நான்கைந்து துளை போட்ட பை, உள்ளே உலர்ந்த பருத்தித் துணி ஒன்று, காய்கறி டப்பாவின் அடியில். இப்படி வைத்தால் இரண்டு முதல் மூன்று வாரம் கல்லுப்போல் இருக்கும். குளிர்பதனக் கிடங்கில் 0 டிகிரியிலும் 90 முதல் 95 சதவீத ஈரப்பதத்திலும் இதே காய் நான்கைந்து மாதம் தாங்கும் என்பதைப் பார்த்தால், இதற்கு வேண்டியது குளிரும் ஈரக்காற்றும்தான் என்பது புரியும். சென்னை, மதுரை வெயிலில் வெளியே கூடையில் போட்டால் இரண்டு மூன்று நாளில் துவண்டுவிடும். வெங்காயக் கூடை இதற்கு இடமில்லை.

கொஞ்சம் துவண்டதைத் தூக்கிப்போட வேண்டாம். அடிவேரையும் உச்சியையும் மெல்லியதாகச் சீவிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் விறைப்பு திரும்பும். திரும்பவில்லை என்றால் உள்ளே பஞ்சாகிவிட்டது என்று முடிவு செய்யலாம்.

நறுக்கிய காயை மூடிய டப்பாவில் வைத்தால் மறுநாள் திறக்கும்போது ஒரு நெடி வரும். கெட்டுப்போனது அல்ல, கடுகு வகைக் காய்கள் எல்லாவற்றிலும் வருவதுதான். நறுக்கும்போது செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியாக இருந்த ஒரு கந்தகச் சேர்மமும் ஒரு நொதியும் கலக்கின்றன. காரமும் நெடியும் அப்போதுதான் பிறக்கின்றன. துருவல் என்றால் உடைந்த செல்கள் இன்னும் அதிகம், நெடியும் அதிகம். எனவே முந்தின இரவே நறுக்கி வைக்கும் காய்களின் வரிசையில் டர்னிப்பைச் சேர்க்காதீர்கள். நிறைய வாங்கிவிட்டால் ஃப்ரீசரில் வைக்கலாம். ஒன்றேகால் சென்டிமீட்டர் சதுரத் துண்டாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் சரியாக 2 நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, நன்றாக வடித்துத் துடைத்து, பிறகு பையில் போட்டு உறையவிடுங்கள். அந்த 2 நிமிடத்தைச் சோம்பலில் விட்டால் நொதி உயிரோடு இருந்து ஃப்ரீசருக்குள்ளேயே ருசியைக் கெடுக்கும். ஃப்ரீசர் துண்டுகள் குழம்புக்குத்தான் ஆகும், பொரியலுக்கு நீர் விடும்.

சத்தைப் பற்றி, உள்ளது உள்ளபடி

பச்சை டர்னிப் 100 கிராமில் 28 கலோரி. மாவுப்பொருள் ஆறரை கிராம், நார்ச்சத்து 1.8 கிராம், புரதம் ஒரு கிராமுக்கும் கீழே. வைட்டமின் சி 21 மில்லிகிராம், பொட்டாசியம் 190 மில்லிகிராம் அளவில், கால்சியம் 30. உருளைக்கிழங்கில் கலோரி 77, மாவுப்பொருள் பதினேழரை கிராம். ஆகவே சர்க்கரை நோயாளி ஒருவர் கூட்டிலோ குழம்பிலோ உருளைக்கிழங்குக்குப் பதில் டர்னிப் போட்டால் மாவுப்பொருள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அந்த அளவுக்கு அது உண்மையான பயன். சர்க்கரையைக் குணமாக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்று பரப்புகிறவர்களின் பேச்சை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இது ஒரு நல்ல காய், அவ்வளவுதான்.

வைட்டமின் சி எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஒரு விஷயம். வேகவைத்து வடித்த டர்னிப்பில் அது 12 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வடித்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பருப்பை வேகவிட்டால் கரைந்து போனதில் ஒரு பகுதியும் பொட்டாசியமும் திரும்பக் கிடைக்கும். நூக்கலில் இதே வைட்டமின் 60 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வைட்டமின் சி-க்காக மட்டும் வாங்குகிறவர்கள் நூக்கலையே வாங்கிப் பச்சையாகச் சாப்பிடலாம்.

தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போலவே இதையும் கண்டு பயப்படுகிறார்கள். அயோடினைத் தைராய்டு சுரப்பி எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடிய சேர்மங்கள் இதில் இருப்பது உண்மை. வேகவைத்தால் அவை குறையும் என்பதும் உண்மை. அயோடின் உப்புச் சேர்க்கும் வீட்டில், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சமைத்துச் சாப்பிடும் அளவுக்குக் கவலை வேண்டியதில்லை. தினமும் பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிப்பதுதான் வேண்டாத வேலை.

இலையின் கணக்கு வேறு. 100 கிராம் டர்னிப் இலையில் கால்சியம் 190 மில்லிகிராம், வைட்டமின் சி 60 மில்லிகிராம், ஃபோலேட் 190 மைக்ரோகிராமுக்கு மேல். வைட்டமின் ஏ-யும் கே-யும் நிறைய. கிழங்கோடு ஒப்பிட்டால் கால்சியம் ஆறு மடங்குக்கு மேல். பாலக்கில் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுபோல் இதில் நடப்பதில்லை, உடம்பில் நன்றாகச் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் வைட்டமின் கே காரணமாக மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சாப்பிட்டால் அளவை மாற்றாமல் சாப்பிட வேண்டும்.

அடுப்பில்

முதலில் தோல். பிஞ்சுக் காயில் பீலரால் மெல்லியதாகச் சீவினாலே போதும். முற்றிய காயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தோலுக்குள் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வட்டக் கோடு தெரியும். அந்தக் கோடுவரை கத்தியால் தடிமனாகச் சீவி எடுத்துவிட வேண்டும், நாரும் கசப்பும் அதற்கு வெளியேதான் இருக்கின்றன. பீலரால் ஒரு முறை சீவிவிட்டு "வேகவே இல்லை, நாராக இருக்கிறது" என்று காயைக் குறை சொல்பவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். இலை நீக்கிய காய் ஒரு கிலோ வாங்கினால் தோல் போக 800 கிராம் நிற்கும் என்று வைத்துக்கொண்டு அளவைத் திட்டமிடுங்கள்.

கசப்பைச் சோதிக்க ஒரு சின்னத் துண்டைக் கடித்துப் பார்ப்பதே போதும். காரமாக இருந்து பின்னால் இனித்தால் அப்படியே சமைக்கலாம். கசப்பு நாக்கில் தங்கினால், துண்டுகளை உப்புப் போட்ட கொதிநீரில் திறந்த பாத்திரத்தில் மூன்று நிமிடம் விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து கொஞ்சம் போகும், ஆனால் தட்டில் ஒதுக்கப்படும் காயில் இருக்கும் சத்தால் யாருக்கும் பயனில்லை. சமையல் சோடா போட வேண்டாம். காய் மேலே கரைந்து உள்ளே வேகாமல் நிற்கும், வைட்டமினும் அழியும்.

குக்கர் விஷயத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் துண்டு திறந்த பாத்திரத்தில் 10 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் ஒரு விசிலே தாராளம். துவரம்பருப்போடு சேர்த்து நான்கு விசில் விட்டால் காய் கரைந்து, நீண்ட நேரம் வெந்த முட்டைக்கோஸின் அதே கந்தக வாடை குழம்பு முழுக்க ஏறும். வீட்டில் டர்னிப் பிடிக்காதவர்கள் பலர் இந்த வாடையைத்தான் டர்னிப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பருப்பு தனி, காய் தனி, முதல் ஐந்து நிமிடம் மூடி இல்லாமல். வாடை ஆவியோடு போய்விடும்.

இந்தக் காய்க்கு மிகப் பொருத்தமானது பாசிப்பருப்புக் கூட்டு. நான்கு பேருக்கு 300 கிராம் தோல் சீவிய டர்னிப், 75 கிராம் பாசிப்பருப்பு. பருப்பை மஞ்சள்தூளோடு முக்கால் பதம் வேகவிட்டு, அதற்குப் பிறகு காயைப் போடுங்கள். வழக்கமாகக் கூட்டுக்கு விடும் தண்ணீரில் கால் பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும், காயே விட்டுவிடும். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு வற்றல் மிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளிப்பு. தேங்காயின் கொழுப்பு மிச்சக் கசப்பை மூடிவிடும், மிளகின் காரம் காயின் காரத்தோடு சண்டை போடாது. பச்சைமிளகாயும் பூண்டும் நிறையப் போட்ட கூட்டில் டர்னிப்பின் தனி ருசி காணாமல் போகும்.

சாம்பாருக்கு முள்ளங்கி போடும் இடத்தில் போடலாம், ஆனால் வரிசை முக்கியம். துண்டுகளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஓரம் பொன்னிறமாகும்வரை நான்கைந்து நிமிடம் வதக்கி, தண்ணீரில் வேகவிட்டு, வெந்த பிறகுதான் புளி. புளியை முதலிலேயே விட்டால் புளிப்பு காயின் செல்சுவரை இறுக்கிவிடும். அரைமணி கொதித்தாலும் துண்டு நறுக் நறுக்கென்றே இருக்கும். தக்காளி சேர்த்த குருமாவிலும் இதே விதிதான்.

பொரியல் சுமார்தான். செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கும் சின்னத் துண்டாக, அகலமான இரும்புச் சட்டியில், பெருந்தீயில், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல், உப்பைக் கடைசியில் போட்டு இறக்குங்கள். உப்பை முன்னால் போட்டால் நீர் கக்கி, வதங்க வேண்டியது வெந்துபோகும். தயிர்ப் பச்சடிக்கு இதற்கு நேர்மாறு. துருவி, 100 கிராமுக்கு 2 கிராம் உப்புப் பிசிறி, 15 நிமிடம் கழித்து ஒட்டப் பிழிந்த பிறகுதான் தயிரில் சேர்க்க வேண்டும். பிழியாமல் சேர்த்த பச்சடி பரிமாறுவதற்குள் மோராகிவிடும்.

டர்னிப்பை அதன் முழு மரியாதையோடு சமைப்பவர்கள் காஷ்மீரிகள்தான். இரவு முழுவதும் இறைச்சியோடு சின்னத் தணலில் வேகவைக்கும் ஷப் தேக் அங்கே புகழ்பெற்றது. ஷப் என்றால் இரவு, தேக் என்றால் பெரிய பாத்திரம். பனி மூடும் மாதங்களுக்காக வட்டமாக நறுக்கி நூலில் கோத்து உலர்த்தி வைப்பதும் உண்டு. நம் வீட்டு அடுப்புக்கு ஏற்றது கோக்ஜி ராஜ்மா. 200 கிராம் ராஜ்மாவை இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் குக்கரில் மாவாக வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும், அதில் சமரசம் வேண்டாம். 300 கிராம் டர்னிப்பைக் கெட்டியான பிளவுகளாக நறுக்குங்கள். கடுகெண்ணெயைப் புகைய விட்டுச் சற்று ஆறவைத்து, அதில் டர்னிப்பைப் பொன்னிறமாக ஆறேழு நிமிடம் வறுத்து எடுங்கள். அதே எண்ணெயில் பெருங்காயம், இரண்டு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்து விட்டு, ராஜ்மா, இரண்டு தேக்கரண்டி சோம்புத்தூள், ஒரு தேக்கரண்டி சுக்குத்தூள், உப்பு. வறுத்த டர்னிப்பையும் போட்டு 15 நிமிடம் சிறு தீ. வெங்காயம், தக்காளி எதுவும் தேவைப்படாது. குழம்பைக் குடித்து ஊறிய டர்னிப் துண்டுதான் இதில் முதலில் தீரும். வறுக்காமல் நேராகக் குழம்பில் போட்டால் துண்டு கரையும், குழம்பு நீர்க்கும். நல்லெண்ணெயில் செய்தால் சாப்பிடலாம், ஆனால் கடுகு இனத்துக் காய்க்கும் கடுகெண்ணெய்க்கும் உள்ள ஒட்டுதல் வராது.

இலையை முருங்கைக்கீரைபோல் நேராக வதக்கக் கூடாது. மேலே சுணைபோன்ற சின்ன முடிகள் இருக்கும். நடுக்காம்பை உருவிவிட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பிழிந்து நறுக்கினால் சுணையும் போகும், கசப்பும் குறையும். அதற்குப் பிறகு பாசிப்பருப்புத் தூவிய பொரியலோ பருப்புக் கடைசலோ, எதற்கும் பொருந்தும். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஆப்பிள், பழுத்த வாழை பக்கத்தில் இருந்தால் சீக்கிரமே மஞ்சளாகும்.

ஊறுகாய்க்குத்தான் முதல் மதிப்பெண்

வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பிய எவருக்கும் ஷவர்மாவோடு வரும் இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரிந்திருக்கும். பீட்ரூட் சாயம் ஏறிய டர்னிப்தான் அது. அரைக் கிலோ டர்னிப்பை விரல் தடிமனில் நறுக்கி, 50 கிராம் பீட்ரூட் வில்லைகளை இடையிடையே வைத்துக் கண்ணாடிச் சாடியில் அடுக்குங்கள். 375 மில்லி தண்ணீரில் 25 கிராம் கல்லுப்பைக் கொதிக்கவைத்துக் கரைத்து, முழுதாக ஆறிய பிறகு 125 மில்லி வினிகர் கலந்து ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் குச்சி மெத்தென்றாகிவிடும். நம் ஊர் வெப்பத்தில் நான்கைந்து நாளில் தயார், பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் நன்றாக இருக்கும். குச்சிகள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டினால் பூஞ்சை பிடிக்கும், மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கிவிடுங்கள். பீட்ரூட்டை இரண்டு மடங்காகப் போட்டால் நிறம் கூடும், ஆனால் மண்வாசனையும் கூடும்.

பஞ்சாபிகளின் காலிஃபிளவர், கேரட், டர்னிப் கலந்த குளிர்கால ஊறுகாய் இன்னும் கெட்டிக்காரத்தனமானது: வெல்லம், வினிகர், கடுகுத்தூள், இஞ்சி பூண்டு, கடுகெண்ணெய் எல்லாம் சேர்ந்து இனிப்பும் புளிப்பும் காரமும். ஒரு கிலோ காய்க்கு 200 மில்லி எண்ணெய், 150 கிராம் வெல்லம், 100 மில்லி வினிகர், 50 கிராம் கடுகுத்தூள், 60 கிராம் உப்பு, 25 கிராம் மிளகாய்த்தூள் என்பது சரியாக நிற்கும் அளவு. ஆனால் இதன் வெற்றி மசாலாவில் இல்லை, உலர்த்துவதில் இருக்கிறது. இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்த காயைத் துணியில் பரப்பி, தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்கு வெயிலில் ஒரு பகல் முழுவதும் காயவிட வேண்டும். டர்னிப்பில் நீர் அதிகம், அதைத் தனியாகப் பரப்பி மற்றவற்றைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக விடுங்கள். கடலோர ஊர்களின் புழுக்கக் காற்றில் பகல் முழுவதும் வைத்தும் ஈரம் நின்றால் மின்விசிறிக்குக் கீழே இரவு முழுவதும் விடலாம். அவசரப்பட்டால் பத்தாவது நாள் எண்ணெய்க்கு மேலே வெள்ளை படரும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனடாவில் பல கடைகளில் "டர்னிப்" என்று பெயர் எழுதியிருப்பது உண்மையில் ருட்டபாகா. பிரிட்டனில் அதன் பெயர் ஸ்வீட் (swede). டர்னிப்பும் முட்டைக்கோஸும் கலந்து பிறந்த வேறு காய் அது: பெரியது, கழுத்து நீண்டது, உள்ளே மஞ்சள். நீர் கொஞ்சம் குறைவு, இனிப்பு அதிகம், வேக இரு மடங்கு நேரம். மசிப்பதற்கு டர்னிப்பைவிட அதுவே மேல். இங்கே சொன்ன கூட்டு நேரம், ஊறுகாய் அளவு எதுவும் அதற்குப் பொருந்தாது. மேலே மெழுகு பூசி விற்பார்கள், கழுவினால் போகாது. கத்தியால் தோலோடு சேர்த்து ஆழமாகச் சீவிவிட வேண்டும். ஜப்பானியக் கடைகளில் கிடைக்கும் சின்ன உருண்டையான முழுவெள்ளைக் காபு வகை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அது டர்னிப்தான். ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும், கசப்பு என்பதே இருக்காது, இலையையும் சேர்த்துப் போடலாம்.